ஒடிந்த காலுக்கு ஒரு வக்கீல்

கீலக வருஷம் ஆனி 4

சீட்டு விழுந்ததில் இந்த வாரம் ஏரியின் கிழக்குத் துறை எனக்கு. நல்ல மடவை மீன். வலையை இழுக்கும்போதே கை சொல்லிவிட்டது. மச்சான் சகாதேவன் எதிர்முனையில் இழுத்தான். “நீ இழுக்கிறது மீனையா, கொட்டாவியையா?” என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தெய்வநாயகியின் தம்பி அல்லவா? கோபம் அந்தக் குடும்பத்தோடு பிறந்தது.

கரையில் அவள் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். மீன் படகில் இருக்கிறவரை ஆண்பிள்ளைகளுடையது. மணலில் விழுந்தால் பெண்களுடையது. கோட்டைக்குப்பத்தில் இதை எவனும் மாற்ற முடியாது. விற்பது அவள், காசும் அவள் முந்தானையில்.

“குழம்புக்கு ஒரு மடவை குடுமே.”

“காசு வெச்சிக்கிறியா?”

“தாலி கட்டினவன்கிட்டயே காசா?”

“மீந்தா தர்றேன், போ.”

கல்யாணமான நாள்முதல் அவள் கூடையில் ஒரு மீன் மீந்து நான் பார்த்ததில்லை. மீன்காரன் வீட்டுக் குழம்பில் நீந்துவதெல்லாம் கத்தரிக்காய்.

ஆனி 9

வண்டி ஏறிடுச்சு. தெய்வநாயகி கால்மேல.

எழுத வரல.

ஆனி 10

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன். கிட்டங்கியில் துணிமூட்டைக்குக் குறி போட்டுக் கற்ற எழுத்து. இதற்கா உதவ வேண்டும்?

கோட்டைச் சுவரோரம் சாயக்காரர் தெரு திரும்புகிற முனை. இவள் கூடையோடு ஓரமாகத்தான் போயிருக்கிறாள். துணி வியாபாரம் செய்கிற ஒல்லாந்து துரையின் குதிரைவண்டி வளைவில் வேகம் குறையாமல் வந்திருக்கிறது. குதிரை அவளைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள். சக்கரம் இடது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கிவிட்டது. கூடை நசுங்கிப்போனது.

வண்டிக்காரன் குதித்து வந்து, தன் தலைப்பாகையை அவிழ்த்துக் காலைச் சுற்றி, அவளைக் கையில் ஏந்திக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் ஓடிவந்தானாம். துரை வண்டியைவிட்டு இறங்கவில்லை. நான் அப்போது வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். “மாமா! மாமா! அக்கா!” என்று சகாதேவன் கத்திக்கொண்டு வந்தான். ஏதோ பெரிய மீன் சிக்கியது போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டியிருக்கிற மாதிரி அருவருப்பாக இருக்கிறது.

காட்டூரிலிருந்து ஆதிநாராயணனை அழைத்து வந்தோம். நெல் விவசாயி, எலும்பு கட்டுவதில் கைராசிக்காரர். முட்டையும் உளுந்துமாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவள் கத்தவில்லை. என் கையைக் கடித்தாள். பல் பட்ட இடம் வீங்கியிருக்கிறது.

“சரியாயிடுமா அண்ணே?”

“ஆயிடும்னும் சொல்லமாட்டேன், ஆவாதுன்னும் சொல்லமாட்டேன். கட்டுப் பிரிச்சா தெரியும். அதுவரைக்கும் யாரு கேட்டாலும் இதான் பதிலு.”

ஆனி 11

அவளுக்குக் கடுஞ்சுரம். யார் யாரோடோ விலை பேசுகிறாள்.

துரையின் துபாஷி வந்தார். வெள்ளை அங்கி, காதில் கடுக்கன், பின்னால் தட்டோடு ஒரு சேவகன். தட்டில் ஒரு புடவை, இரண்டு வராகன், வெற்றிலை பாக்கு. என் வாசலில் அப்படிப்பட்ட ஆள் நின்றதே இல்லை. உட்காரப் பாய் போட்டேன். துரை மிகவும் வருத்தப்படுகிறார் என்றார். என் பேச்சு கோட்டைவரைக்கும் பிரசித்தம் என்றார். எனக்குக் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது.

“இதோட எல்லாம் சுமுகம்தானே தனக்கோடி?”

“சுமுகம் இல்லாம? உங்க துரைக்கும் எனக்கும் பங்காளிச் சண்டையா இன்னா?” என்று சொல்லிக்கொண்டே வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டேன். அவர் சிரித்தார். சேவகனும் சிரித்தான். நானும்.

ஆனி 12

காலையில் சுரம் இறங்கிக் கண் திறந்தாள். துபாஷி விட்டுப்போன மீதி வெற்றிலையை மென்றபடி தண்ணீர் கொடுத்தேன். என் முகத்தையே பார்த்தாள்.

“இன்னாய்யா வாய் இப்பிடி செவந்துகீது?”

சொன்னேன்.

“எங்காலு ஒடிஞ்சதுக்கு நீ வெத்தல போட்டியா?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இந்தக் குப்பத்தில் சண்டை எப்படி முடியும்? வலை அறுந்த சண்டையோ, சீட்டுப் போட்டுத் துறை பிரிக்கிற பாட்டுமுறைச் சண்டையோ, தப்பு செய்தவன் தட்டு நீட்டுவான், பட்டவன் வெற்றிலை எடுப்பான். எடுத்தால் முடிந்தது, பிறகு வாய் திறக்கக் கூடாது. நானே எத்தனை பேரை எடுக்க வைத்திருக்கிறேன்? விருந்தாளி நீட்டினான், வாய்க்கொழுப்பில் எடுத்துவிட்டேன். துபாஷிக்கு எங்கள் வழக்கம் தெரியும். தெரிந்தேதான் கொண்டுவந்தான். எனக்குத்தான் என் வழக்கம் தெரியவில்லை.

ஆனி 13

பேசமாட்டேன் என்கிறாள்.

ஆனி 16

பேசமாட்டேன் என்கிறாள். கஞ்சியை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. இன்று நானே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். பெண்கள் வரிசையில் மீசையோடு நான். பக்கத்துக் கூடைக்காரி பச்சையம்மா சத்தம் போட்டாள்:

“பாருங்கடி, புதுசா ஒரு மருமவ வந்துகீறா!”

“முந்தானைய மறந்துட்டு வந்துட்டேன்கா” என்றேன். வரிசையே குலுங்கிச் சிரித்தது.

ஆனால் கழுத்து முறிந்துபோயிற்று. கூடையிலிருந்து மீன் தண்ணீர் காதுக்குள் வடிகிறது. பாதி மீன்கூடப் போகவில்லை. இதைத்தான் அவள் தினமும் செய்தாளா? வந்து என்னோடு சண்டையும் போட்டாளா?

ஆனி 20

ஆளுக்கொரு யோசனை.

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், நாட்டார் செங்கல்வராயன்: “வெத்தல எடுத்துட்டே. முடிஞ்சுது. இனிமே நீ வாயத் தொறந்தா குப்பத்துக்குத்தான் கேவலம்.”

சகாதேவன்: “கட்டுப் பிரிக்கட்டும் மாமா. காலு நல்லாயிடுச்சுன்னா இன்னாத்துக்கு பேஜாரு? கோட்டைக்காரங்க பகை நமக்கு வேணாம்.”

பச்சையம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னாள்: “வக்கீல் கங்காதரன்னு ஒருத்தரு கீறாரு, கோயில் தெருவுல. கும்பினிக் கணக்குல இருந்தவரு. ஒல்லாந்து பாஷையில மனு எழுதி அவரே போய் பேசுவாரு. எங்க சுவத்த வண்டி இடிச்சப்போ அவருதான் பேசினாரு. போய்யா. நீ நிக்கிற ஒவ்வொரு நாளும் அவங்களுக்குத்தான் லாபம்.”

வக்கீல் என்றால் ராஜாக்களுக்காகப் பேசப் போகிறவன் என்று நினைத்திருந்தேன். மீன்காரிக்குமா? போனால் பேராசைக்காரன் என்பார்கள். போகாவிட்டால்? கால் சரியாகிவிட்டால் போனது வீண். சரியாகாவிட்டால் அதற்கப்புறம் போய் என்ன சொல்வது? எப்போது போவது என்று யாரைக் கேட்பது?

அவளைக் கேட்கலாம். அவள்தான் பேசமாட்டேன் என்கிறாளே.

துபாஷி ஆள் அனுப்பியிருக்கிறார். ஒரு காகிதத்தில் நான் சம்மதமென்று கீறல் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஆனி 22

போனேன்.

வக்கீல் ஒடிசலான மனிதர். இலையில் நண்டுக்காலை வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “உக்காரு. இத நடுவுல விட முடியாது” என்றார். எனக்கு உடனே பிடித்துப்போனது.

“எப்ப அடிபட்டது?”

“ஆனி ஒம்போது.”

“இன்னைக்கு இருபத்திரெண்டு. நடுவுல என்ன பண்ணிக்கிட்டிருந்த?”

“வெத்தல போட்டேன் அய்யா.”

சிரித்தார். நான் முழுக்கச் சொன்னதும் நண்டைக் கீழே வைத்துவிட்டார்.

கேள்விமேல் கேள்வி. சக்கரத் தடம் எந்த ஓரத்தில் இருந்தது? மழை பெய்து அழிந்துவிட்டது. பார்த்தவர்கள் யார்? சாயக்காரர்கள், ஆனால் அவர்கள் அந்தத் துரைக்கே துணி தோய்க்கிறவர்கள். நசுங்கின கூடை? அடுப்பெரித்துவிட்டேன். வண்டிக்காரன் பெயர்? அதுகூட எனக்குத் தெரியவில்லை.

“மறுநாளே வந்திருந்தா தடம் இருந்திருக்கும், கூடை இருந்திருக்கும், தெருவுல இருந்தவன் மனசுல பார்த்தது பச்சையா இருந்திருக்கும். கால் என்ன ஆவுதுன்னு பார்த்துட்டு வரலாம்னு எல்லாரும் நினைக்கிறீங்க. கால் ஒரு பக்கம் ஆறும், சாட்சி ஒரு பக்கம் கரையும்.”

“அப்போ சின்னக் காயத்துக்கும் வரணுமா அய்யா?”

“சிராய்ச்சுதுன்னா நான் எதுக்கு? மஞ்சள் பத்து போடு. தப்பு எங்களுதுன்னு அவங்களே நின்னு பார்த்துக்கிட்டாலும் நான் வேணாம். எலும்பு ஒடிஞ்சு பொழப்பு நின்னுபோச்சா, அன்னைக்கே வா. அந்தப் பக்கத்து ஆளு சிரிச்சுக்கிட்டே காகிதத்த நீட்டினானா, ஓடி வா.”

காகிதம் வந்தால் கீறல் போடாதே. எலும்பு கட்டினவரே சொல்ல முடியாத ஒன்றுக்கு நீ எப்படி முடிவு சொல்வாய் என்றார். கூலியைப் பற்றிக் கேட்டேன். தோற்றால் ஒன்றுமில்லையாம். ஜெயித்தால் அமாவாசைக்கு அமாவாசை ஏரி நண்டு, ஒரு வருஷத்துக்கு. “அமாவாசையில நண்டு கனமா இருக்கும்னு எனக்கும் தெரியும்” என்றார்.

கடைசியில் ஒன்று சொன்னார். “வெத்தலைதான் உன் கழுத்துல சுருக்கு. அத உங்க ஊர்லதான் அவுக்கணும். அங்க நான் வரமுடியாது.”

ஆனி 24

துபாஷி காகிதத்தோடு வந்தார். படித்துக் காட்டினார். மருத்துவம் உட்பட எல்லாம் பெற்றுக்கொண்டேனாம், இனி எப்போதும் எதுவும் கேட்கமாட்டேனாம்.

“அய்யோ சாமி, கையெல்லாம் மீன் நாத்தம். இவ்ளோ நல்ல காகிதம் கெட்டுடும். கழுவிட்டு நானே வரேன்.”

“இங்கயே கழுவேன்.”

“எங்க ஊர் தண்ணி இன்னும் மோசம்.”

அவர் சிரிப்பு நின்றது. தப்பு வண்டிக்காரனுடையது, குடித்திருந்தான், அவனைச் சதுரங்கப்பட்டணத்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்போகிறார்கள், நீ யார்மேல் வழக்குப் போடுவாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே கட்டிலிலிருந்து அவள் எல்லாம் கேட்டிருப்பாள். கஞ்சியில் உப்பில்லை என்று மட்டும் சொன்னாள். அதுவும் பேச்சுதான்.

ஆடி 3

வாசலில் ஒருவன் தலைகுனிந்து நின்றான். வெறுந்தலை. வண்டிக்காரன். கண்ணப்பன் என்று பெயராம்.

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. “அடிச்சிக்கோ அண்ணே” என்றான். கை தானாக இறங்கிவிட்டது.

“நான் குடிக்கல. குதிரைக்கு எடது கண்ணுல பூ விழுந்துகீது. வளைவுல அந்தப் பக்கம் ஆளு நின்னா அதுக்குத் தெரியாது. தொரகிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். குதிர வெல உனக்குத் தெரியுமா, அடிச்சி ஓட்டுன்னாரு. அன்னிக்கு கப்பல் மூட்டைக்கு நேரமாச்சுன்னு பின்னால இருந்து தடியால குத்திக்கிட்டே வந்தாரு.”

அழுதான். உள்ளேயிருந்து குரல்.

“அவர உள்ள வரச் சொல்லுய்யா.”

அவன் கட்டிலைப் பார்க்காமல் நின்றான். தலைமாட்டில் மடித்து வைத்திருந்த துணியை அவள் எடுத்து நீட்டினாள். அவனுடைய தலைப்பாகை. ரத்தக்கறையை யாரை விட்டுத் துவைக்கச் சொன்னாளோ, எப்போது சொன்னாளோ.

“நீ அன்னிக்கி தூக்கிக்கினு ஓடியாரலன்னா நான் அங்கயே போயிருப்பேன். தலைல கட்டிக்கோ. கஞ்சி குடிச்சிட்டுப் போ.”

அவன் குடித்துவிட்டுப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“இத்த வக்கீலண்ட சொல்லணும். இன்னா பாத்துக்கினு கீறே? ஓடு.”

ஓடினேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

ஆடி 5

பஞ்சாயத்து.

சகாதேவனும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். “மெதுவா தூக்குங்கடா, மீன் கூடைன்னா மட்டும் அலுங்காம தூக்கத் தெரியும்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் மடியில் துபாஷி தந்த அந்தப் புடவை, இரண்டு வராகன், எடுத்ததற்குப் பதிலாகப் புதிதாக நான்கு வெற்றிலை.

நாட்டார் முகத்தைக் கடுகடு என்று வைத்திருந்தார். “பொம்பளை காரியத்துல புருசன் வெத்தல எடுத்தா எடுத்ததுதான். புதுசா இன்னா கேக்க வந்தே தெய்வநாயகி?”

“நாட்டாரே, மணல்ல விழுந்த மீனு யாருது?”

“பொம்பளைங்களுது.”

“வித்த காசு?”

“பொம்பளைங்களுது.”

“அத்த எடுத்து எம்புருசன் யாருக்கன்னா கடன் குட்த்தா செல்லுமா?”

“எப்பிடி செல்லும்? அவனுக்கு இன்னா பாத்தியதை?”

“ஒடிஞ்சது கூட தூக்குற காலு. நின்னது கூடையோட வரும்படி. அதுக்கு இந்தாளு எப்பிடி வெத்தல எடுப்பாரு? இவரு எடுத்தது இவரு வாய்க்கி. எங்கூடைக்கி நான் எடுக்கல.”

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து பச்சையம்மா: “சொல்லுங்க நாட்டாரே! நாளைக்கி எம்புருசனும் வெத்தல போட்டு எங்கூடைய வித்துடுவான்!”

பெண்கள் கூட்டம் அத்தனையும் எழுந்து நின்றுவிட்டது. நாட்டாரின் பெண்டாட்டியும் அதில் இருந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

“வெத்தலய திருப்பி அனுப்புங்க” என்றார்.

வீடு திரும்பும்போது கேட்டேன், “என்னிய எல்லார் முன்னாலயும் ஒண்ணுக்கும் பாத்தியதை இல்லாதவன்னு சொல்லிட்டியேமே?”

“இல்லதான?”

கட்டிலைத் தூக்கியிருந்த நால்வரும் சிரித்ததில் கட்டில் ஆடியது. நான்தான் திட்ட வேண்டியிருந்தது.

ஆடி 8

வக்கீல் கொடுத்த மனுவுக்கு விசாரணை ஆடி 13 என்று நாள் வைத்திருக்கிறார்களாம். வக்கீலுக்கு ஒரே கவலை, கண்ணப்பன். சாட்சி என்று அவன் ஒருவன்தான். கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது.

ஆனால் கப்பலுக்குப் போக ஆளும் மூட்டையும் எங்கள் படகில்தானே போக வேண்டும்? முகத்துவாரத்து அலையைத் தாண்ட எங்களைவிட்டால் ஆள் கிடையாது.

இன்று துபாஷி கண்ணப்பனை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார். சகாதேவன் படகின்மேல் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

“படகை எடு.”

“கடல் சரியில்லீங்க.”

“தட்டு மாதிரி கிடக்கே!”

“மேல தட்டுதான். கீழ நீரோட்டம் மாறிடுச்சு. முகத்துவாரத்துல மணல் ஏறிகீது.”

“நேத்து மூட்டை ஏத்தினீங்களே?”

“நேத்து ஏறலீங்க.”

பக்கத்துப் படகில் கேட்டார். அங்கேயும் மணல் ஏறியிருந்தது. அடுத்த படகுக்காரனுக்கு வயிற்று வலி. துபாஷி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கை நிறைய மீன் செதிலைக் காட்டிக் கும்பிட்டேன். பகை வேண்டாம் என்று சொன்ன சகாதேவன்! அந்தக் குடும்பத்துக் கோபம் நல்ல கோபம்.

ஆடி 10

இன்றும் கடல் சரியில்லை. குளம் மாதிரி கிடந்தது.

ஆடி 13

கோட்டைக்குள் முதல்முறையாகப் போனேன். நியாயம் கேட்க மூன்று துரைகள், கறுப்பு அங்கியில், இந்த வெயிலில். பார்க்கவே எனக்கு வேர்த்தது. அவள் கட்டிலில். காவலாளிகள் கட்டிலைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள்.

வக்கீல் பேசியது எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் அவர் இங்கே நண்டு உடைக்கிறதையும் அங்கே பேசுகிறதையும் ஒரே நிதானத்தில் செய்தார். கப்பல் ஏறாமல் கரையிலேயே நின்றுவிட்ட கண்ணப்பன் குதிரைக்கண்ணைப் பற்றிச் சொன்னான். நடுவிலிருந்த துரை, குதிரையையே கொண்டுவாருங்கள் என்றாராம். கொண்டுவந்தார்கள். இடது பக்கம் ஒருவன் தொப்பியை ஆட்டினான். குதிரை சும்மா நின்றது. வலது பக்கம் ஆட்டினான். மிரண்டு பின்வாங்கியது. துணித் துரையின் முகம் என் வெற்றிலை வாயைவிடச் சிவந்தது.

அதன்பிறகு எவ்வளவு கொடுப்பது என்று பேச்சு. கால் எப்போது ஆறும் என்று தெரியாமல் எப்படிக் கணக்குப் போடுவது? அங்கேதான் வக்கீல் எங்கள் நாட்டாரை அழைத்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. செங்கல்வராயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து சொன்னார்:

“எங்க படகுல ஒருத்தன் அடிபட்டுப் படுத்தான்னா, அவன் திரும்பப் படகுல கால் வெக்கிற வரைக்கும் அவன் பங்கு அவன் வூட்டுக்குப் போவும். எத்தினி நாளுன்னு யாரும் கேக்கமாட்டோம்.”

துபாஷி எழுந்தார். அப்படியானால் இவள் ஆயுசுக்கும் படுத்தே கிடப்பாளே?

நாட்டாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க ஊர்ல ஒருத்தன்கூட ஒரு நாள் பங்கு ஜாஸ்தி தின்னது கெடையாது. தின்னா அப்புறம் அவன்கூட எவன் படகு ஏறுவான்?”

வக்கீல் அதை அப்படியே அவர்கள் பாஷையில் சொன்னார். மூன்று துரைகளும் குனிந்து பேசிக்கொண்டார்கள்.

தீர்ப்பு: எலும்பு கட்டியவருக்கு ஆன செலவும், கூடையின் விலையும், அவள் மறுபடி கூடை தூக்குகிற நாள்வரை தினம் ஒரு நாள் வரும்படியும் துணித் துரை கொடுக்க வேண்டும். கூடையே தூக்க முடியாமல் கால் ஊனமாக நின்றுவிட்டால் மறுபடி வரலாம்.

வெளியே வந்ததும் வக்கீலின் காலில் விழப்போனேன். தடுத்தார். “அமாவாசை எப்போன்னு ஞாபகம் இருக்கில்ல?”

ஆடி 15

கண்ணப்பனுக்கு வேலை போய்விட்டது. சகாதேவன் அவனைத் தன் படகில் சேர்த்துக்கொண்டான். இன்று முதல் நாள். குதிரைக்காரன் துடுப்பைச் சாட்டை மாதிரி பிடிக்கிறான். முகத்துவாரத்தில் வாந்தி எடுத்தான். “மணல் ஏறிகீதா?” என்று கேட்டேன்.

ஆடி 26

கட்டுப் பிரித்தார் ஆதிநாராயணன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் இடது கால் ஒரு விரற்கடை குட்டை.

வேடிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. அவள் இரண்டு கால்களையும் நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“நல்லதா போச்சி. இந்தப் பக்கம் சாஞ்சி நடந்தா மீன் தண்ணி காதுல வடியாது.”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆவணி 11

நடக்கிறாள். சுவரைப் பிடித்து, பிறகு கோலைப் பிடித்து, பிறகு என் தோளைப் பிடித்து. துரையின் சேவகன் தினமும் காசைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் காலைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

ஆவணி 23

அவள் காலிக் கூடையைத் தலையில் வைத்துப் படகுத்துறை வரை போய்த் திரும்பினாள். பிறகு அரைக்கூடை மணல் வைத்து. பாதியில் விழுந்தாள். தூக்கப் போனவனைத் தள்ளிவிட்டாள்.

“இன்னாத்துக்கு அவசரம்? காசுதான் வருதே. இன்னும் ஒரு மாசம் குந்தியிருமே. யாரு கேக்கப் போறாங்க?” என்றேன். அக்கறையில்தான் சொன்னேன்.

மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள், “நாட்டாரு அத்தினி பேர் நடுவுல எனக்கோசரம் சொன்னாரே, நீ கேக்கல?”

புரட்டாசி 6

அமாவாசைக்குப் பிடித்த நண்டைக் கொண்டுபோய் வக்கீலுக்குக் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலில் கையில் கட்டோடு ஒரு சாயக்காரன். கிட்டங்கியின் உடைந்த படிக்கட்டில் விழுந்தானாம், நேற்றுத்தான். நேற்று விழுந்து இன்றைக்கே வந்திருக்கிறானே என்று அவன் முதுகில் தட்டினேன். எந்தப் பைத்தியக்காரன் என்று பார்த்தான்.

புரட்டாசி 9

காலையில் சேவகன் வந்தான். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நாளையிலேர்ந்து வராதே. தொரகிட்ட சொல்லிடு, கூட தூக்கிட்டேன்னு.”

போய்விட்டாள், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. சாயக்காரர் தெரு முனைவரை பின்னாலேயே போய் மறைந்து நின்று பார்த்தேன். அந்த வளைவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். இடம், வலம் பார்த்தாள். பிறகு போனாள். தூரத்தில் பச்சையம்மாவின் குரல் கேட்டது: “அந்த மீசக்கார மருமவள எங்கடி காணோம்?”

புரட்டாசி 10

இன்று வீட்டில் மடவைக் குழம்பு. கூடையில் ஒன்று மீந்துவிட்டதாம். காசு கேட்கவில்லை.